என் வாய் கம்பனியின் வாயாம்

மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசிய அந்தப் பொம்பிளை நான்தான் மகனே. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? பக்கத்து வீட்டுச் சரசக்காவின் போனை இரவல் வாங்கி, கோழிக்கூட்டுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, ஒரு கையால் மூக்கையும் மறு கையால் போனையும் பிடித்து, "நான் பேரு சொல்ல விரும்பாத ஒரு ஆளு பேசுறேன்" என்று ஆரம்பித்து நான்கு நிமிடம் பேசி உனக்கு அனுப்பினேன். நடுவில் சேவல் வேறு கூவியது. பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டேன். நீ முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிட்டாய் என்று பிறகுதான் தெரிந்தது. மூக்கை அடைத்தாலும் என் இழுவை மாறவில்லையாம். அதோடு விட்டிருந்தால் இரண்டு பேரும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நீ என்ன செய்தாய்? மீதியைக் கேட்காமலேயே அழித்துவிட்டு, தோட்டக் கம்பனியின் வக்கீலுக்குக் கடிதம் எழுதினாய். உங்கள் தரப்பு ஊழியர் ஒருவர், அவர் என் தாயார், எனக்குக் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார், ஒரு வரிக்கு மேல் நான் கேட்கவில்லை, இனி இப்படிச் செய்யாமல் அவருக்குச் சொல்லி வையுங்கள் என்று. பெற்ற தாயைப் பற்றி எதிராளியிடம் போய்க் கோள் சொன்ன பிள்ளை இந்த ஊவா மாகாணத்திலேயே நீ ஒருத்தனாகத்தான் இருப்பாய்.

இதை ஏன் ஊரே படிக்கிற மாதிரி எழுதுகிறாய் என்று கேட்பாய். உன்னிடம் தனியாக ஏதாவது சொல்லப் போனால் நீ நிறுத்து என்று கையைத் தூக்கிவிடுகிறாய், அதனால்தான். கேஸ் முடிந்துவிட்டது, தெரியும். இருந்தாலும் எனக்கு அந்தக் கையை நினைத்தால் பயம். நாலு பேர் முன்னால் சொன்னதை ஒளித்துச் சொன்னதாக எவனும் சொல்ல முடியாது. அதோடு அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். வெலிமடையில் இருந்து ஒரு டீச்சர் பிள்ளை தைரியமாக இந்த வீட்டுக்குள் வரப்போகிறது. எப்பேர்ப்பட்ட ஆளைக் கட்டப்போகிறோம் என்று அதுவும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும்.

விசயம் தெரியாதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள். மடுல்சீமைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக அறைகள் ஒட்டிக் கட்டிய லயத்தில் நாம் இருக்கிறோம். தோட்டத்தின் பெயரை எழுதினால் நீயே எனக்கு நோட்டீஸ் அனுப்புவாய், அதனால் எழுதவில்லை. இருபத்திரண்டு வருசம் கொழுந்து பறித்தேன். மூன்று வருசத்துக்கு முன்னால் என்னைக் கங்காணி ஆக்கினார்கள். எங்கள் தோட்டத்தில் அதற்கு முன்னால் பொம்பிளைக் கங்காணி கிடையாது. அன்றைக்குப் பதுளையில் இருந்து நீ ஒரு கேக் வாங்கி வந்தாய். பஸ் நெரிசலில் அது சப்பளிந்து ரொட்டி மாதிரி இருந்தது. அதையும் வெட்டிச் சாப்பிட்டோம். வேலை ஒன்றும் பெரிதில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவது, எந்த ஆளுக்கு எந்தத் தேயிலை நிரை என்று பிரித்துக் கொடுப்பது, அவர்கள் பறித்து முடிக்கும் வரை பக்கத்தில் நிற்பது. கூட்டத்தில் எவளுக்குப் பல்வலி, எவள் வீட்டுக்காரனோடு சண்டை என்று பார்த்தவுடன் எனக்குத் தெரியும். அதனால் கேலி பேசியே வேலை வாங்கிவிடுவேன்.

ஆறாம் நம்பர் மலையில் ஒரு சவுக்கு மரத்தில் குளவி கூடு கட்டியிருந்ததை முதலில் பார்த்ததும் நான்தான். எங்கள் வழக்கப்படி அந்த நிரையின் தலைப்பில் ஒரு கம்பை ஊன்றி, சிவப்புத் துணி கட்டினேன். துணி பறக்கும் வரை யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. ஆம்பிளைகள் பின்னேரம் போய்க் கூட்டை எரித்த பிறகுதான் துணியை அவிழ்க்க வேண்டும். கணக்கப்பிள்ளையிடமும் சொன்னேன். எனக்கு மேலே அவர்தான். மூன்றாம் நாள் காலைப் பெரட்டில் அவர், "நேத்து ஆள விட்டு எரிச்சாச்சு. துணிய அவுத்துட்டு நெரைய குடு, கொழுந்து முத்திப்போகுது" என்றார். இங்கேதான் மகனே நான் தவறினேன். போய்ப் பார்த்திருக்க வேண்டும். மரம் நூறு அடி தூரம்கூட இல்லை. பார்க்கவில்லை. அவர் சொன்னாரே என்று துணியை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டேன். நிரையைப் பரமேசுக்குக் கொடுத்தேன். நம் வீட்டில் இருந்து இரண்டு கதவு தள்ளி இருக்கிற பரமேஸ்வரி. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது காய்ச்சல் வந்தால் எனக்கு முன்னால் அவள்தான் உன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

கூட்டை எவனும் எரிக்கவில்லை. பரமேசு ஒரு கொப்பை அசைத்ததுதான் தாமதம், முழுக் கூடும் கிளம்பிவிட்டது. முதுகில் கொழுந்து மூட்டையோடு ஓடியவள் சரிவில் விழுந்து உருண்டாள். இடுப்பு எலும்பு போய்விட்டது. இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறாள். அதற்குக் கம்பனி சொன்ன பதில் என்ன? அங்கே குளவிக்கூடு இருந்தது யாருக்கும் தெரியாது, அந்த நிரையை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை, வேலையை விட்டுவிட்டு விறகு பொறுக்கப் போன இடத்தில் கொட்டு வாங்கினாள் என்று. வேலைப் பதிவில் இருந்து அவள் பேரையும் வெட்டிவிட்டார்கள். பேர் இல்லாதவளுக்கு லயத்தில் அறை எதற்கு என்று அதற்குள்ளேயே ஒரு பேச்சும் கிளம்பிவிட்டது. அவள் கம்பை ஊன்றிக்கொண்டு பதுளைக்குப் போய், நீ அங்கே தங்கி ஜூனியராக இருக்கிற வக்கீல் மேடத்தின் ஆபீஸில் கேஸ் கொடுத்தாள். மேடம் கேஸ் கட்டை உன் கையில் கொடுத்தார்.

எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? சரி, இனிக் கவலையில்லை, நடந்தது அத்தனையும் தெரிந்தவள் நான், கேஸ் பேசப்போகிறவன் என் வயிற்றில் பிறந்தவன், ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டோடு விசயம் முடிந்துவிடும் என்றே நம்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நெத்தலிக் குழம்பு வைத்து, உனக்கு இரண்டாம் தடவை சோறு போட்டுவிட்டு, "இந்தா பாரு, அன்னைக்குக் காலையில பெரட்டுல" என்று வாயைத் திறந்தேன். எச்சில் கையைத் தூக்கினாய். பஸ்ஸை மறிக்கிற பொலிஸ்காரன் மாதிரி.

"அம்மா, இதப் பத்தி நீங்க என்கிட்ட பேசக் கூடாது."

பிறந்ததில் இருந்து என்னை 'நீ' என்று கூப்பிட்டவன், கேஸ் என்று வந்ததும் 'நீங்க' ஆக்கிவிட்டாய்.

"ஏன்டா?"

"கம்பனிக்கு வக்கீல் இருக்காரு. அவருக்குத் தெரியாம நான் கம்பனி ஆளுககிட்ட கேஸப் பத்திப் பேசக் கூடாது."

"நான் எப்படா கம்பனி ஆளானேன்? நான் லயத்து ஆளு."

"நீங்க கங்காணி. நீங்க நெரை குடுத்தா கம்பனி குடுத்த மாதிரி. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அது கம்பனி சொன்ன மாதிரி."

குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். இருபத்தைந்து வருசமாக அந்தத் தோட்டத்தில் கத்துகிறேன். கக்கூஸுக்குத் தண்ணீர் வரவில்லை என்று கத்தினேன், பாலம் உடைந்துவிட்டது என்று கத்தினேன், கூரைத் தகரம் பறக்கிறது என்று கத்தினேன். ஒருநாளாவது கம்பனி என் வார்த்தையைத் தன் வார்த்தையாக எடுத்துக்கொண்டதா? உண்மையைச் சொல்ல வாயைத் திறந்த அன்றைக்குத்தானா என் வாய் கம்பனியின் வாய் ஆகவேண்டும்? நான் கேட்டதற்கு நீ சிரிக்கக்கூட இல்லை. "நீங்க வெறும் கொழுந்து பறிக்கிற ஆளா இருந்து, பக்கத்துல நின்னு பாத்திருந்தா, உங்ககிட்ட பேசலாம்" என்றாய். அப்படியென்றால் உன் கேக்கை நான் அன்றைக்கே திருப்பித் தந்திருப்பேனே ஐயா!

சொன்னபடியே செய்தும் காட்டினாய். பரமேசோடு அன்றைக்கு அடுத்தடுத்த நிரையில் நின்ற பிள்ளைகள் வீட்டுக்கெல்லாம் போனாய். அவர்கள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தாய். புத்தகத்தில் எழுதிக்கொண்டாய். சரசக்கா வீட்டில் முறுக்குக்கூடத் தின்றாயாம். அதற்குப் பிறகு நம் வாசலைக் குனிந்த தலையோடு கடந்து பஸ்ஸுக்குப் போனாய். ஊர் என்னைப் பார்த்துச் சிரித்தது. "என்னா கங்காணியம்மா, மகன் எல்லா வீட்டுக்கும் வாராரு, ஒங்க வீட்டுக்குத்தான் வரல்ல" என்று சரசக்கா கேட்டபோது, "நான் பெரிய ஆளு, என்னைய பாக்க முன்கூட்டியே டோக்கன் எடுக்கணும்" என்று சமாளித்தேன். உள்ளே வந்து அரிசி புடைக்கிற சாக்கில் அழுதேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டாம் என்றுதான் இருந்தேன், எழுதிவிட்டேன், போகட்டும்.

ஒருவேளை எல்லாம் என் வினைதானோ என்னவோ. உனக்கு ஏழு வயது இருக்கும்போது பதுளை பஸ்ஸில் போனோம், ஞாபகமிருக்கிறதா? கூட்டத்தில் கண்டக்டர் என்னிடம் டிக்கெட் கேட்க மறந்துவிட்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பி மலையை ரசிக்கிற மாதிரி இருந்தேன். நீ சீட்டின் மேல் ஏறி நின்று, "மாமா, எங்கம்மாவுக்கு டிக்கெட் குடுக்கல!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கத்தினாய். நான் உன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். அழுதுகொண்டே, "குடுக்கலதானே, குடுக்கலதானே" என்றாய். ஊருக்கு வந்து அந்தக் கதையை நான்தான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். கிள்ளிய விசயத்தை மட்டும் விட்டுவிட்டேன். அந்தப் பிள்ளைதான் வளர்ந்து கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, நான் யாரைக் குறை சொல்ல?

அப்பா வழியாகச் சொல்லிப் பார்த்ததும் உனக்குத் தெரியும். உன் அப்பா வெலிமடையில் லொறிக்கு மரக்கறி ஏற்றுகிறவர். கம்பனிக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆகவே நீ அவரோடு பேசலாம் என்று கணக்குப் போட்டேன். "இந்தாங்க, உங்க மகன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாம சொல்லுங்க" என்று இரண்டு நாள் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். பாவம் மனிதன், லீக்ஸ் கட்டைத் தவிர வேறு எதையும் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்துப் பழக்கமில்லாதவர். உன் முன்னால் உட்கார்ந்து, "அது வந்து தம்பி, ஒரு துணி" என்று ஆரம்பித்தார். நீ உடனே, "அப்பா, அம்மா சொல்லிவிட்டதா?" என்றாய். "ஆமாப்பா" என்றுவிட்டார். "ஆள் மாத்திச் சொன்னாலும் அதேதாம்ப்பா. நானே கேக்கக் கூடாதத இன்னொருத்தர் மூலமாவும் கேக்கக் கூடாது" என்று எழுந்து போய்விட்டாய். இவர் நிம்மதியாக ரேடியோவைப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கோழிக்கூட்டுப் பின்புறம், மூக்கு, சேவல் எல்லாம்.

உன் கடிதம் கம்பனி வக்கீலுக்குப் போய், அவரிடம் இருந்து தோட்டத்தை நடத்துகிற தொரைக்குப் போய், தொரை என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். "என்னா கங்காணி, மகனுக்கு நியூஸ் அனுப்புறியாமே?" என்றார். நாற்பது நாள் என்னைத் தேயிலை நாற்று வளர்க்கிற கன்று மேடைக்கு அனுப்பினார்கள். பென்சன் கிழவிகளோடு உட்கார்ந்து பைகளில் மண் நிரப்பினேன். நான் கோபக்காரி இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் அந்த நாற்பது நாளும் ஒவ்வொரு பையிலும் உன்னைத்தான் போட்டு அமுக்கினேன்.

அதன் பிறகு ஒருநாள் கம்பனி வக்கீலே தோட்டத்து ஆபீஸுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர், மிகவும் மரியாதையான ஆள். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். அந்த ஆபீஸில் எனக்கு நாற்காலி போட்டது அதுதான் முதல் தடவை. ஒரு தாளை நீட்டி, "இதை வாசிச்சுப் பாத்திட்டு ஒரு கையெழுத்து வையுங்கோ அம்மா" என்றார். அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தேன் என்றாலும் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். குளவிக்கூடு இருந்தது எனக்குத் தெரியாது, பரமேஸ்வரிக்கு அன்றைக்கு நான் அந்த நிரையைக் கொடுக்கவில்லை, அவள் விறகு பொறுக்கப் போனாள் என்று அதில் இருந்தது.

"இத எழுதிக் குடுத்தது யாருங்க ஐயா?"

"உங்கட கணக்கப்பிள்ளை சொன்னதை வைச்சுத்தான் எழுதினது. பிழையெண்டால் சொல்லுங்கோ."

"வீட்டுக்குக் கொண்டுபோய் மகன்கிட்ட காட்டிட்டு வரட்டுங்களா?"

அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "ஆருக்கும் காட்டலாம் அம்மா. அவருக்கு மட்டும் காட்ட ஏலாது."

யோசித்துப் பார். இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வக்கீல் நீ. சரியாக உனக்கு மட்டும் காட்டக் கூடாதாம். அடுத்த நாளே அந்தத் தாளோடு பஸ் ஏறிப் பதுளைக்கு வந்தேன். உன் ஆபீஸ் படியில் நின்றேன். நீ வெளியே வந்தாய். என் கையில் இருந்த தாளைப் பார்க்காமல் எனக்கு மேலே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே, "நீங்க வேற ஒரு வக்கீலப் பாருங்க. உங்க பக்கம் நின்னு சொல்ற ஒருத்தர. அத மட்டுந்தான் நான் சொல்லலாம்" என்றாய். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. மூன்று மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள் நான்.

சட்ட உதவிக் காரியாலயத்தில் ஒரு சின்னப் பெண் வக்கீலைப் பார்த்தேன். தாளை வாசித்துவிட்டு, "இது உண்மையா அம்மா?" என்று கேட்டது. இல்லை என்றேன். "அப்ப கையெழுத்து வைக்காதீங்க. கோர்ட்டுல கூப்பிட்டா உண்மையச் சொல்லுங்க. உங்க பக்கத்துப் பிழையையும் சேத்துச் சொல்லுங்க" என்றது. அவ்வளவுதான். அரை நிமிடம். அந்த அரை நிமிடத்துக்காகத்தானே மகனே நான் உன் பின்னால் ஆறு மாதம் நாயாக அலைந்தேன்.

கையெழுத்து வைக்கவில்லை என்று சொல்லியனுப்பினேன். கம்பனி தன் சாட்சிப் பட்டியலில் இருந்து என் பேரை எடுத்துவிட்டது. பிறகு ஒருநாள் கோர்ட்டு ஆள் ஒருவர் மலையேறி வந்து என்னிடம் ஒரு தாள் கொடுத்தார். அழைப்பாணை. பரமேசின் தரப்பில், உங்கள் ஆபீஸில் இருந்து. ஆறு மாதத்தில் அந்தக் கேஸைப் பற்றி என் பிள்ளை எனக்குச் சொன்ன முதல் வார்த்தை அரசாங்க முத்திரை குத்தி வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன், உன் பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளோடு.

சாட்சி சொன்ன அன்றைக்கு நீ உள்ளே இல்லை. மேடம்தான் கேள்வி கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டைப் பார்த்தது, துணி கட்டியது, கணக்கப்பிள்ளையிடம் சொன்னது, அவர் சொன்னது, எல்லாம். துணியை அவிழ்த்தது யார் என்று கேட்டார். "நான்தாங்க. போய்ப் பாக்காம அவுத்தேன்" என்றேன். நான் சொல்வதை நீதவானுக்குச் சிங்களத்தில் சொல்கிறவர் அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தார். பின் பெஞ்சில் பரமேசு கம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பிறகு கம்பனி வக்கீல் எழுந்தார். அதே மரியாதை.

"அம்மா, நீங்கள் சொல்லுற கதை நல்ல வடிவாய்த்தான் இருக்குது. இதை உங்கட மகன் சொல்லித் தந்தவரோ?"

"அவனா? சோறு போடவான்னு கேட்டாலே இது கேஸ் சம்பந்தமான்னு கேக்குறவன் ஐயா அவன்."

சனம் சிரித்தது. சிங்களத்தில் சொல்கிறவர் உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னார். வக்கீல் விடவில்லை.

"தாயும் பிள்ளையுமாய் இருந்துகொண்டு ஒருக்காலும் கதைக்கேல்லை எண்டுறியள்?"

"நான் கதைக்கத்தான் பாத்தேன். மூக்கப் புடிச்சுக்கிட்டுக்கூடப் பாத்தேன். அவன் விடல."

அப்போது மேடம் எழுந்து ஒரு தாளை நீட்டினார். கோள் சொன்ன அந்தக் கடிதம்தான். என் தாயார் அனுப்பினார், ஒரு வரிக்கு மேல் நான் கேட்கவில்லை, அன்றைக்கே உங்களுக்கு அறிவிக்கிறேன் என்று நீ எழுதி, அந்த வக்கீலே கிடைத்தது என்று கையெழுத்து வைத்து வாங்கிய கடிதம். அவர் அதை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தச் சாட்சியிட்ட வேறை கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார்.

கூண்டில் நின்றபடியே எனக்கு விளங்கியது. அந்த நான்கு நிமிடத்தை நீ முழுதாகக் கேட்டிருந்தால், நெத்தலிக் குழம்போடு நான் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டிருந்தால், அன்றைக்கு என் வார்த்தை பிள்ளை சொல்லிக்கொடுத்த வார்த்தையாகத்தான் அங்கே விழுந்திருக்கும். பரமேசுக்கு இருந்த ஒரே சாட்சியும் போயிருக்கும். விளங்கியது, ஒப்புக்கொள்கிறேன். விளங்கியதால் கோபம் போய்விட்டது என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. அது இருக்கிறது.

ஏனென்றால் உன் சட்டம் காதைத்தான் பொத்தச் சொன்னது. முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொன்னதா? படியில் நின்ற தாயைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்டால் அது கேஸ் பேச்சாகிவிடுமா? வாசலைக் கடக்கும்போது உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போயிருந்தால் எந்த நீதவான் உன்னைக் கேட்பார்? கேட்கக் கூடாததைக் கேட்காமல் இருக்க நீ நன்றாகப் பழகிவிட்டாய். அந்தப் பழக்கத்தில் கேட்க வேண்டியதையும் விட்டுவிட்டாய். வரப்போகிற பிள்ளையிடம் இப்படி இருந்துவிடாதே. உன் ஆபீஸ் விசயம் எதையும் அதனிடம் சொல்ல முடியாமல் போகலாம், அது படித்த பிள்ளை, விளங்கிக்கொள்ளும். ஆனால் கையைத் தூக்காதே. "இத சொல்ல ஏலாது, ஆனா நீ சொல்லு, இன்னைக்கு ஸ்கூல்ல என்னா நடந்துச்சு" என்று கேள். கேட்டுவிட்டுப் பதிலையும் கேள். என்னைப் போல ஒருத்தர் சொன்னதை நம்பிப் போய்ப் பார்க்காமலும் இருந்துவிடாதே. சின்ன விசயம் என்றாலும் நூறு அடி நடந்து போய்ப் பார். அதற்கு மேல் எனக்குப் புத்தி சொல்லத் தெரியாது.

கேஸின் அடுத்த தவணைக்குள்ளேயே கம்பனி சமாதானத்துக்கு வந்துவிட்டது. விறகுக் கதையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பரமேசின் பேரை மறுபடி எழுதினார்கள். நட்டஈடும் கொடுத்து, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்து செய்கிற வேலையும் கொடுத்தார்கள். அன்றைக்கு அவள் கம்பை ஊன்றிக்கொண்டு நம் வாசலுக்கு வந்து, "ஏன்டி, பாக்காமலா அவுத்த?" என்று கேட்டாள். "ஆமாடி" என்றேன். கம்பைச் சுவரில் சாய்த்தாள். "தேத்தண்ணி போடு" என்றாள். போட்டேன். இன்னும் அவள் என்னோடு பழையபடி சிரித்துப் பேசுவதில்லை. அது அவள் இஷ்டம், நான் காத்திருக்கிறேன்.

நீ சனிக்கிழமை வந்தாய். கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல், குளிருக்கு அதையே இழுத்துப் போர்த்திக்கொண்டு, தரையில் காலை நீட்டிச் சுவரோரம் உட்கார்ந்து, "எல்லாம் முடிஞ்சிருச்சும்மா. இப்ப நீ சொல்லு" என்றாய். நீ என்றாய், கவனித்தேன். நான் ஆரம்பத்தில் இருந்து தொடங்கினேன். சவுக்கு மரம், துணி, பெரட்டு, நிரை. கோர்ட்டில் சொன்னதுதான், ஆனால் உனக்குச் சொல்லும்போது அது வேறு மாதிரி வந்தது. பரமேசு உருண்டதும் நான் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கி ஓடியதைச் சொன்னபோது நீ குறுக்கிட்டாய்.

"ஒன்னையும் கொட்டுச்சாம்மா?"

அத்தனை மாதத்தில் கோர்ட்டோ, தொரையோ, அந்த மரியாதைக்கார வக்கீலோ, யாரும் கேட்காத கேள்வி.

"பதினோரு எடத்துல. ஏன்டா, இத்தன மாசமா இதக் கேக்கத் தோணலையா ஒனக்கு?"

"தெனமும் தோணுச்சு. கேக்க ஏலாம இருந்துச்சு."

கழுத்துப் பின்னால் இருந்த தழும்பைக் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தாய். மீதியைச் சொல்லு என்றாய். சொல்லிக்கொண்டே போனேன். பரமேசை லொறியில் ஏற்றிய இடத்துக்கு வந்தபோது திரும்பிப் பார்த்தேன், நீ வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாய். எழுப்ப மனம் வரவில்லை. மீதி பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன், முதல் பாதியும் சேர்ந்து வந்துவிட்டது.

நீ சாய்ந்திருந்த சுவருக்குக் கல்யாணத்துக்காக அன்றைக்குக் காலையில்தான் சுண்ணாம்பு அடித்திருந்தோம். திங்கட்கிழமை நீ அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் புறப்பட்டாய். முதுகில் இரண்டு தோளும் நடு முதுகும் வெள்ளையாகத் தெளிவாக இருந்தன. நான் கவனித்துக் கூப்பிடுவதற்குள் பஸ் வளைவில் திரும்பிவிட்டது. சுவரில் அந்த இடத்தை மட்டும் உன் அப்பா மறுபடி பூசிவிட்டார்.